எம்.ஆர்.ஐ. காந்தம் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

இரவு 11 மணிக்குப் போன் வந்தால் மறுமுனையில் இருக்கும் டெக்னீஷியன் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்: "சார், ஹீலியம் குறையுதுன்னு அலாரம் அடிக்குது." நான் கேட்கும் முதல் கேள்வியும் மாறுவதில்லை: "மொட்டை மாடியில சில்லர் ஓடுதா, போய்ப் பாத்தீங்களா?" போய்ப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க, "நின்னு போயிருக்கு சார்" என்பார். காந்தச் சுருளைக் கடுங்குளிரில் வைத்திருப்பது திரவ ஹீலியம்; அதைக் காக்கும் கருவிகளுக்குக் குளிர்நீர் அனுப்பும் இயந்திரம்தான் சில்லர்.

பல ஆண்டுகளாக ஸ்கேன் சென்டர்களில் இந்தக் காந்தங்களோடு மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்த ஒன்று: காந்தம் தானாகக் கெடுவது அபூர்வம். தண்ணீர், மின்சாரம், குளிர்விக்கும் கருவி ஆகியவற்றில் ஒன்று முதலில் கெடும். காந்தம் அதைத் தாங்கிக்கொண்டு சில மணி நேரமோ சில நாளோ நமக்குத் தவணை தரும். அந்தத் தவணைக்குள் எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு. 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா காந்தங்களைக் கவனித்துக்கொள்ளும் டெக்னீஷியன்களையும் மருத்துவமனை பயோமெடிக்கல் ஆட்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ராம்ப், அதாவது சுருளில் மின்னோட்டத்தை ஏற்றுவது, பற்றிய பகுதி மட்டும் காந்தம் கட்டுபவர்களுக்கானது.

எதையும் தொடுவதற்கு முன் ஐந்து எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஹீலியம் லெவல், காந்தத்தின் உள் அழுத்தம், குளிர்விக்கும் கருவிக்கு ஹீலியம் வாயுவை அழுத்தி அனுப்பும் கம்பிரஸரின் அழுத்தமானி காட்டுவது, சில்லரிலிருந்து வரும் நீரின் வெப்பநிலை, அன்றைய மைய அதிர்வெண் (காந்தப் புலம் மாறினால் இதுவும் மாறும்). தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்பே இவற்றை நோட்டில் ஏற்றிவைக்கும் சென்டரில் என் வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நோட்டே இல்லாத இடத்தில் ஒரு நாள் முழுக்கப் போகிறது.

## அறிகுறி: பெரும் இரைச்சல், வெண்புகை, ஆக்ஸிஜன் அலாரம்

இங்கே சோதிக்க எதுவும் இல்லை. ஆட்களை வெளியே கொண்டுவருவது மட்டுமே வேலை. காந்தம் குவென்ச் ஆகிறது: சுருளின் ஒரு பகுதி மீகடத்தும் தன்மையை இழந்து சூடாகி, ஹீலியம் கொதித்து வெளியேறுகிறது. 1 லிட்டர் திரவ ஹீலியம் அறை வெப்பத்தில் சுமார் 750 லிட்டர் வாயுவாக விரியும். ஆயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும் காந்தம் எத்தனை அறைகளை நிரப்பும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குவென்ச் பைப் சரியாக இருந்தால் அத்தனையும் கூரைக்கு மேலே போய்விடும். பைப் அடைத்திருந்தாலோ இணைப்பு விட்டிருந்தாலோ அறைக்குள் வரும். ஹீலியம் மேலே ஏறும் வாயு. அதனால் குனிந்தபடி நோயாளியை இழுத்துக்கொண்டு வெளியேறுங்கள். வெண்புகையில் கை வைக்காதீர்கள், தோல் பனியில் வெந்துவிடும். அறைக் கதவு உள்பக்கமாகத் திறப்பது என்றால் உள்ளே ஏறிய அழுத்தத்தில் அது திறக்காமல் போகலாம். அப்போது கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடியை உடைப்பதுதான் வழி. இதை ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த நிமிடத்தில் யாருக்கும் தோன்றாது.

எல்லோரும் வெளியே வந்த பிறகு கதவைப் பூட்டுங்கள், தீயணைப்புத் துறைக்கும் கம்பெனிக்கும் சொல்லுங்கள். ஆக்ஸிஜன் அளவு பழைய நிலைக்கு வந்தது உறுதியாகும்வரை, போனையோ பர்ஸையோ எடுக்கக்கூட யாரையும் உள்ளே விடாதீர்கள்.

## அறிகுறி: "சிக்… சிக்…" சத்தம் நின்றுவிட்டது

காந்த அறையில் நொடிக்கு ஒருமுறை கேட்கும் அந்தச் சத்தம் கோல்ட் ஹெட்டினுடையது. அதுதான் ஆவியாகும் ஹீலியத்தை மறுபடி திரவமாக்கி உள்ளேயே சொட்டவைக்கிறது. சத்தம் நின்றால் அந்த நிமிடத்திலிருந்து காந்தம் கையிருப்பைச் செலவழிக்கிறது.

மின்சாரம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், இதுதான் முதல் சோதனை. பல சென்டர்களில் யு.பி.எஸ். கணினிகளுக்கும் ஸ்கேனருக்கும் இருக்கும், கம்பிரஸருக்கும் சில்லருக்கும் இருக்காது. கரண்ட் போய் வந்ததும் ஸ்கேனர் பழையபடி எழுந்து நிற்கும். கம்பிரஸர் டிரிப் ஆனது ஆனபடியே கிடக்கும். படம் நன்றாக வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது. சனிக்கிழமை மாலை நின்றது திங்கள் காலை வரை கவனிக்கப்படாமல் கிடந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். பிரேக்கரைப் பாருங்கள், கம்பிரஸரின் திரையில் என்ன எர்ரர் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு ரீசெட் செய்யுங்கள்.

ஃபேஸ் மாறியிருக்கிறதா? டிரான்ஸ்ஃபார்மர் மாற்றினாலோ, ஜெனரேட்டர் புதிதாகப் போட்டாலோ, கேபிள் மாற்றிக் கட்டினாலோ மூன்று ஃபேஸின் வரிசை புரண்டுபோகலாம். கம்பிரஸருக்குள் இருக்கும் பாதுகாப்பு ரிலே அதைக் கண்டு ஓட மறுக்கும். கம்பிரஸரே போய்விட்டது என்று ஒரு சென்டரில் புதியதற்கு விலை கேட்டுவிட்டார்கள். முந்தைய நாள் பேனலில் வேலை செய்த எலக்ட்ரீஷியனை அழைத்து இரண்டு வயரை இடம் மாற்றியதும் ஓடியது. ஜெனரேட்டரில் ஓடுகிறது, ஈ.பி. கரண்டில் ஓடவில்லை என்றால் பழி கம்பிரஸர் மீது இல்லை.

தண்ணீர் வருகிறதா? கம்பிரஸர் ஏறக்குறைய 7 கிலோவாட் மின்சாரத்தைத் தின்று, அதை வெப்பமாகத் தண்ணீரில் கொட்டுகிறது. தண்ணீர் நின்றால் சில நிமிடங்களில் சூடேறித் தானே அணைந்துவிடும். சில்லரிடம் போய் இந்த வரிசையில் பாருங்கள்: பம்ப் ஓடுகிறதா, தொட்டியில் நீர்மட்டம் போதுமா, வடிகட்டி அடைத்திருக்கிறதா, கண்டென்சர் தகடுகளில் தூசி படிந்திருக்கிறதா. மே மாதத்தில் வேலூர், மதுரை மாதிரி ஊர்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, தூசி படிந்த சில்லர் பகல் 2 மணிக்கு டிரிப் ஆகி மாலையில் ஒன்றும் நடக்காதது மாதிரி ஓடும். "மத்தியானம் மட்டும் எர்ரர் வருது" என்று யாராவது சொன்னால் தகடுகளைக் கழுவச் சொல்வேன். பக்கத்தில் புதிதாக ஏ.சி. வெளி யூனிட் வைத்து, அதன் சூடான காற்று நேராகச் சில்லர் மீது வீசுகிறதா என்பதையும் பாருங்கள். நிழல் கூரை போடுகிறேன் என்று சில்லரின் மேல்வாயை மூடிவிட்டவர்களும் உண்டு.

சில்லர் உடனே சரியாகாது என்று தெரிந்தால் குழாய்த் தண்ணீரைக் கம்பிரஸருக்குத் திருப்பும் மாற்றுவழி இருக்கிறதா என்று தேடுங்கள். நல்ல சென்டர்களில் இதற்கென்று இரண்டு வால்வு வைத்திருப்பார்கள். தண்ணீர் வீணாகும்; ஒரு நாள், இரண்டு நாளுக்குப் பரவாயில்லை. உப்பு அதிகமான போர்வெல் நீரை வாரக்கணக்கில் ஓட்டினால் மட்டும் கம்பிரஸரின் உள்குழாயில் சுண்ணாம்பு படிந்து அடுத்த செலவுக்கு அடிபோடும்.

கம்பிரஸரில் வாயு அழுத்தம் போதுமா? நிறுத்திய நிலையில் மானி காட்டும் அழுத்தத்தைக் கையேட்டில் சொன்னதோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் வளைகுழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு தேடலாம். வாயு நிரப்புவதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், அதுவும் 99.999 சதவீதத் தூய ஹீலியம் மட்டும். பலூன் கடை சிலிண்டரிலிருந்து நிரப்பிய கம்பிரஸர் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதில் இருந்த காற்றும் ஈரமும் கோல்ட் ஹெட்டுக்குள் பனியாக உறைந்து, மிச்சப்படுத்திய சில ஆயிரத்துக்குப் பதிலாகக் கோல்ட் ஹெட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

கம்பெனியைக் கூப்பிட வேண்டிய இடம்: மின்சாரமும் தண்ணீரும் வாயுவும் சரியாக இருந்தும் கம்பிரஸர் ஓடவில்லை, அல்லது கம்பிரஸர் ஓடியும் கோல்ட் ஹெட் அசையவில்லை. கோல்ட் ஹெட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். அதன் கீழே திறப்பது 4 கெல்வினில் (மைனஸ் 269 டிகிரி) இருக்கும் வாய். காற்று நுழைந்த நொடியில் அங்கே பனிக்கட்டி கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ஹீலியம் மிகக் குறைவாக வைத்த புதுவகைக் காந்தம் என்றால் தவணையும் மிகக் குறைவு. 2018-ல் வந்த பிலிப்ஸின் முத்திரையிட்ட காந்தத்தில் இருப்பது 7 லிட்டர் ஹீலியம். 2020-ல் வந்த சீமென்ஸின் சிறு காந்தத்தில் 0.7 லிட்டர். ஹீலியம் நிரப்பும் செலவு இல்லை, குவென்ச் பைப் இல்லை, நல்லதுதான். ஆனால் குளிர்ச்சி நின்றால் தாங்கிக்கொள்ளும் கையிருப்பும் இல்லை. ஆயிரம் லிட்டர் காந்தத்தோடு பழகியவர்கள் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. கம்பிரஸருக்கும் சில்லருக்கும் ஜெனரேட்டர் இணைப்பு வாங்கிய நாளே வேண்டும்.

## அறிகுறி: சத்தம் இருக்கிறது, ஆனால் மாறிவிட்டது

அந்த அறையில் தினமும் எட்டு மணி நேரம் இருக்கும் டெக்னீஷியனின் காதுதான் இங்கே கருவி. நல்ல நாளில் அந்தச் சத்தத்தைக் கட்டுப்பாட்டு அறை வாசலில் நின்று போனில் பதிவுசெய்து வைத்திருங்கள். மாற்றம் தோன்றும்போது ஒப்பிடலாம்.

"சிக்" என்பது "கிர்ர்க்" என்று உரசலாக மாறினால் உள்ளே ஓடும் டிஸ்ப்ளேசர் எதிலோ உராய்கிறது: உறைந்த மாசாக இருக்கலாம், தேய்ந்த சீலாக இருக்கலாம். இடைவெளி சீராக இல்லாமல் தடுமாறினால் மோட்டார். முதலில் கம்பிரஸரின் மணிக்கணக்கைப் பாருங்கள். எண்ணெய் வடிகட்டும் அட்சார்பரை மாற்ற வேண்டிய மணி தாண்டிவிட்டதா? தாண்டியிருந்தால் எண்ணெய் ஆவி வாயுவோடு போய்க் குளிர்முனையில் உறைய ஆரம்பித்திருக்கும். அதை மாற்றுவது சிறு செலவு, கோல்ட் ஹெட் பெரும் செலவு. சிறு செலவைத் தள்ளிப்போட்டதால் வந்த பெரும் செலவுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

சத்தம் மாறிய அன்றே அழுத்தமும் ஏறுகிறது என்றால் காத்திருக்காமல் கம்பெனியை அழையுங்கள். அழுத்தம் நிலையாக இருந்தால் ஒரு வாரம் எண்களைக் கவனித்துவிட்டுத் திட்டமிட்டு மாற்றலாம்.

## அறிகுறி: ஹீலியம் லெவல் குறைகிறது

காட்டும் எண் உண்மையா? லெவல் அளக்கும் கருவி உள்ளே தொங்கும் மெல்லிய மீகடத்துக் கம்பி. திரவத்துக்கு மேலே இருக்கும் பகுதியின் மின்தடையை வைத்து மட்டத்தைச் சொல்கிறது. ஒருமுறை 78 சதவீதம் காட்டிப் பத்து நிமிடத்தில் 71 காட்டினால் அது ஹீலியம் குறைந்ததல்ல, அளவு தடுமாறியது. பதற்றத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு அளவும் உள்ளே கொஞ்சம் வெப்பத்தை விடுகிறது. நாளுக்கு ஒருமுறை, ஸ்கேன் நடக்காத அதே நேரத்தில், ஒரு வாரம் எடுங்கள். இரண்டாவது அளவுக்கம்பி உள்ள காந்தங்களில் கம்பெனி ஆள் அதற்கு மாற்றித் தருவார்.

கோல்ட் ஹெட் ஓடியும் குறைகிறதா? அப்படியானால் அது களைத்துவிட்டது. நல்ல நிலையில் உள்ள 4 கெல்வின் கோல்ட் ஹெட் 1 வாட் அல்லது 1.5 வாட் வெப்பத்தை இழுக்கும். காந்தத்துக்குள் கசிந்துவரும் வெப்பம் அதைவிடக் குறைவு. மிச்ச வலுவால் உள்ளழுத்தம் இறங்கிவிடாமல் இருக்க ஒரு சிறு ஹீட்டர் அவ்வப்போது எரியும். அந்த ஹீட்டர் எவ்வளவு எரிகிறது என்ற கணக்கு சர்வீஸ் திரையில் கிடைக்கும். என் பார்வையில் காந்தத்தின் ஆயுள்ரேகை அதுதான். மாதாமாதம் ஹீட்டர் எரிவது குறைந்துகொண்டே வந்தால் கோல்ட் ஹெட்டின் மிச்ச வலு தேய்கிறது. பூஜ்யத்தைத் தொட்ட வாரத்தில்தான் லெவல் குறையத் தொடங்கும். லெவலை மட்டும் பார்ப்பவருக்கு அன்றுதான் செய்தி. ஹீட்டரைப் பார்ப்பவருக்குச் செய்தி மாதங்களுக்கு முன்பே வந்திருக்கும். கோல்ட் ஹெட்டை ஞாயிற்றுக்கிழமை மாற்ற ஏற்பாடு செய்திருப்பார்.

வெளியேறும் குழாயில் பனி பூத்திருக்கிறதா? காந்தத்தின் மேலே குழாய்கள் வெளிவரும் டரட் பக்கம் ஏணி வைக்காமல் கண்ணால் பாருங்கள். குவென்ச் நடந்த பிறகோ ஹீலியம் நிரப்பிய பிறகோ பனி இருப்பது இயல்பு. சும்மா ஒரு நாளில் பனியோ நீர்த்துளியோ இருந்தால் பாதுகாப்பு வால்வு சரியாக மூடவில்லை, அல்லது அழுத்தம் மீறினால் உடையும் வெடித்தகடு கசிகிறது. குளிர்ந்த வாயு அந்த வழியே போய்க்கொண்டிருக்கிறது. தட்டவோ முறுக்கவோ வேண்டாம். படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள், அன்றே வரச் சொல்லுங்கள்.

கசிவுக்கு விசித்திரமான ஒரு சாட்சியும் உண்டு. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில், புது எம்.ஆர்.ஐ. நிறுவும்போது ஹீலியம் கட்டடத்துக்குள் கசிந்தது. ஊழியர்களின் ஐபோன்களும் ஆப்பிள் வாட்சுகளுமாகச் சுமார் 40 செயலிழந்தன. மற்றவர்களின் போன்கள் ஓடின. உள்ளே துடிக்கும் நுண் கடிகாரச் சில்லுக்குள் ஹீலியம் புகுந்ததுதான் காரணம். ஒரே வராந்தாவில் இரண்டு மூன்று ஐபோன் ஒரே நாளில் செத்தால் ஆக்ஸிஜன் மானியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காந்தத்தின் வெளிச்சுவர் வியர்க்கிறதா? எல்லாவற்றிலும் செலவு கூடியது இது. உறைக்குள் இருக்கும் வெற்றிடம் கெட்டால் வெளித்தகடு சில்லிட்டு வியர்க்கும், லெவல் வேகமாக இறங்கும். ஏ.சி. அதிகம் வைத்த அறையின் ஈரத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: காந்தம் முழுவதும் ஒரே மாதிரி ஈரமா, ஓர் இடத்தில் மட்டும் குளிர்ச்சியா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் என்றால் ஸ்கேனை நிறுத்திவிட்டு அழையுங்கள். காந்தத்தைத் திட்டமிட்டு இறக்கினால் மீட்டுவிடலாம். அதுவாகக் குவென்ச் ஆனால் சேதம் கூடுதல்.

ஹீலியம் கேட்ட மறுநாளே வந்துவிடும் பொருளல்ல. நம் தேவைக்கு இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறோம். 2017 ஜூனில் கத்தார் மீது அண்டை நாடுகள் தடை போட்டபோது அங்கிருந்த ஹீலியம் ஆலைகள் நின்று உலகமே தவித்தது. லெவல் 60-ஐ நெருங்கும்போதே ஆர்டர் போடுவது என் வழக்கம். குறைந்தபட்ச லெவல் எவ்வளவு என்பது காந்தத்துக்குக் காந்தம் மாறும். உங்களுடையதை அறைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

## அறிகுறி: உள்ளழுத்தம் ஏறுகிறது, அல்லது இறங்குகிறது

பகலில் ஏறி இரவில் இறங்கினால் பயப்படாதீர்கள். மூளை நரம்புப் பாதைப் படம் மாதிரி கிரேடியன்டை (படமெடுக்கப் புலத்தை மாற்றிமாற்றித் தரும் சுருள்களை) அடித்து ஓட்டும் ஸ்கேன்கள் காந்தத்தின் உள்ளுடலைச் சற்றே சூடாக்கும். ராத்திரி ஓய்வில் பழைய எண்ணுக்கு வரும். இரவிலும் இறங்காமல் நாளுக்கு நாள் படியேறினால் மேலே சொன்ன வரிசையில் சில்லரிலிருந்து தொடங்குங்கள்.

இறங்குவதைப் பலர் நல்ல செய்தி என்று நினைக்கிறார்கள். வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே போனால் காந்தம் காற்றை உள்ளே உறிஞ்சும். நைட்ரஜன், ஆக்ஸிஜன், ஈரம் எல்லாம் கழுத்துக் குழாயில் கல்லாக உறையும். பிறகு ஒருநாள் குவென்ச் ஆனால் ஹீலியத்துக்கு வெளியேற வழி இருக்காது. ஆகவே ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் நான் வேகமாக ஓடுவேன். ஹீட்டருக்கோ அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கோ போகும் மின்சாரம் துண்டித்திருக்கிறதா என்று பாருங்கள். யாரோ போன் சார்ஜ் போடப் பிளக்கைப் பிடுங்கியதும் உண்டு. அது சரியாக இருந்தும் இறங்கினால் அன்றே கம்பெனி ஆள் வர வேண்டும்.

## அறிகுறி: படம் வளைகிறது, கொழுப்பு மறையவில்லை

கொழுப்பின் அதிர்வெண்ணுக்கும் நீரின் அதிர்வெண்ணுக்கும் இடையே இருப்பது 3.5 பிபிஎம்தான் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு): 1.5 டெஸ்லாவில் ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் அதன் இருமடங்கு. காந்தப் புலத்தின் சீர்மை கொஞ்சம் கெட்டாலும் கொழுப்பை மறைக்கும் ஸ்கேன்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஒரே நோயாளிக்கா, எல்லோருக்குமா? ஒருவருக்கு மட்டும் என்றால் அவரிடம்தான் உலோகம்: பல், ஜாக்கெட் கொக்கி, தாலிக்கயிற்றில் கோர்த்திருக்கும் ஊக்கு. தங்கம் என்று விட்டுவிடுகிறோம். அதோடு தொங்கும் மூன்று ஊக்குகள் எஃகு. கேட்டால் மட்டும் போதாது, அவர் சங்கடப்படாத வகையில் ஒரு சகோதரியை வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

எல்லோருக்கும் என்றால் ஃபேன்டம் (சோதனைக்கான மாதிரிப் பொருள்) வைத்து, உடல் காயிலில் படம் எடுங்கள். படம் ஓர் ஓரத்தில் இழுத்த மாதிரி வந்தால் நோயாளி படுக்கும் குகைக்குள் எங்கோ ஹேர்பின் ஒட்டியிருக்கிறது. மேசை ஓடும் பள்ளம், காயில் செருகும் இடம், மேசைக்கு அடியில் இருக்கும் இடுக்கு: இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கிடைக்கும். காந்தத்துக்கு ஏற்ற டார்ச்சும், பசை டேப் சுற்றிய மூங்கில் குச்சியும் போதும். சாதாரணக் கடை டார்ச்சோடு உள்ளே போகாதீர்கள்.

பின் எதுவும் இல்லை, காலையில் நன்றாக வந்து பிற்பகலில் கெடுகிறது என்றால் கிரேடியன்ட் சூடாகிறது. சீர்மைக்காக வைத்த ஷிம் இரும்புத் துண்டுகள் கிரேடியன்டோடு சேர்ந்து சூடேறும்போது அவற்றின் காந்தத்தன்மை மாறும். மறுபடியும் தண்ணீர்தான்: கிரேடியன்டுக்குப் போகும் நீரின் ஓட்டத்தைப் பாருங்கள். எப்போதும் கெட்டே வருகிறது, பக்கத்தில் லிஃப்ட், ஜெனரேட்டர், வாகன நிறுத்தம் என்று புது இரும்பு வந்திருக்கிறது என்றால் மறுபடி ஷிம் செய்யக் கம்பெனி வர வேண்டும்.

படத்தில் நேர்கோடாக ஜிப் மாதிரி வந்தால் கதவின் செப்பு விரல்களைத் துடையுங்கள். மீன்முள் மாதிரி கோலம் வந்தால் தளர்ந்த திருகு தேடுங்கள். இரண்டும் காந்தத்தின் குற்றமல்ல.

## அறிகுறி: மைய அதிர்வெண் தொடர்ந்து நழுவுகிறது

காந்தம் நிரந்தர மின்னோட்டத்தில் ஓடுகிறது. வெளியிலிருந்து மின்சாரம் போவதில்லை. மணிக்கு 0.1 பிபிஎம் வரை நழுவலாம் என்பது வழக்கமான வரம்பு, 1.5 டெஸ்லாவில் அது 6.4 ஹெர்ட்ஸ். நல்ல காந்தம் அதைவிட மிகக் குறைவாகவே நழுவும். புதிதாக ராம்ப் ஏற்றிய காந்தம் முதல் சில நாள் கூடுதலாக நழுவி அடங்கும்.

முன்னும் பின்னும் ஊசலாடினால் வெளியே ஏதோ இரும்பு நகர்கிறது, அல்லது அறை வெப்பம் மாறுகிறது. ஒரே திசையில், வாரக்கணக்கில், முன்னைவிட வேகமாக இறங்கினால் உள்ளே கம்பிகளை இணைத்த மூட்டிலோ மின்னோட்டத்தைச் சுருளுக்குள் பூட்டும் நிரந்தர ஸ்விட்சிலோ மின்தடை புகுந்திருக்கிறது. அது நம் கை எட்டாத இடம். காலை அதிர்வெண் எழுதிய நோட்டை ஒப்படைப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது. அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

## அறிகுறி: ஸ்ட்ரெச்சரோ சிலிண்டரோ ஒட்டிக்கொண்டது

ஆள் சிக்கியிருக்கிறாரா? இதற்கு ஒரே பதில் வேண்டும்.

சிக்கி, உயிருக்கு ஆபத்து என்றால் காந்தத்தை நிறுத்தும் குவென்ச் பொத்தானை அழுத்துங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அது மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானல்ல. அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் விளக்கு அணையும், காந்தம் அப்படியே இருக்கும். 2014 நவம்பரில் மும்பையில் ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு இரண்டு பேர் காந்தத்தில் நான்கு மணி நேரம் சிக்கிக்கிடந்தார்கள், குவென்ச் பொத்தான் வேலை செய்யவில்லை. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எந்தச் சென்டருக்குப் போனாலும் அந்தப் பொத்தானின் சுற்று உயிரோடு இருக்கிறதா என்று சோதனை விளக்கைப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

யாரும் சிக்கவில்லை என்றால் பொத்தானைத் தொடாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். பாதி வழியில் நழுவித் திரும்பப் பாயும். கம்பெனி ஆள் மின்னோட்டத்தை மெதுவாக இறக்கி, ஹீலியத்தின் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொண்டே பொருளை எடுத்துவிடுவார்.

நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டது என்றாலும் குவென்ச் பதிலல்ல. புலம் இறங்க நேரமாகும், அறையும் ஆபத்தாகும். மார்பை அழுத்திக்கொண்டே மேசையோடு வெளியே கொண்டுவந்து, அங்கே சிகிச்சையைத் தொடருங்கள்.

## அறிகுறி: ராம்ப் ஏற்றும்போது குவென்ச் ஆகிறது

இது காந்தம் கட்டும், ஏற்றும் மேசைக்கான பகுதி. நம் நாட்டில் 1.5 டெஸ்லா முழுவுடல் காந்தத்தை டெல்லியில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையமும் (ஐ.யு.ஏ.சி.) சமீர் என்ற மத்திய அரசின் மின்னணு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து கட்டிவருவதால், இளைஞர்கள் பலர் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

முதலில் எளியவை: ஹீலியம் மட்டம் ஏற்றுவதற்கான அளவுக்கு மேல் இருக்கிறதா, மின்கம்பி இணைப்பு முனைகளில் எங்காவது சூடா, ஸ்விட்ச் ஹீட்டர் சரியாக அணைந்ததா. இவை சரி என்றால் குவென்ச் ஆன மின்னோட்டத்தை ஒவ்வொரு முறையும் வரிசையாக எழுதுங்கள். அந்த வரிசையே சொல்லும்.

- ஒவ்வொரு முறையும் கூடுகிறது: காந்தம் பழகுகிறது. கம்பி நுண்ணளவில் நகர்கிறது, பிசினில் சிறு விரிசல் விழுகிறது. ஒவ்வொரு குவென்ச்சிலும் ஓரிடம் படிந்துவிடுகிறது. பொறுமையாகத் தொடருங்கள். பயணத்துக்குப் பிறகு மறுபடி ஓரிரு முறை வரலாம்.
- மெதுவாக ஏற்றினால் உயரம் போகிறது, வேகமாக ஏற்றினால் முன்பே விழுகிறது: சுழல் மின்னோட்ட வெப்பம். ஏற்றும் வேகத்தைக் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் பாதியாக்கிப் பாருங்கள்.
- எப்போதும் ஒரே அளவில் விழுகிறது: கம்பியின் எல்லை, அல்லது ஒரு மூட்டின் எல்லை. மின்னழுத்தம் பிடிக்கும் முனைகளில் எது முதலில் எழுகிறது என்று பார்த்தால் எந்தச் சுருள் என்று தெரியும்.
- ஒவ்வொரு முறையும் குறைகிறது: நிறுத்துங்கள். இன்னொரு முறை முயல்வது சேதத்தை வளர்ப்பது.

புலம் உயர உயர இந்த விளிம்பு மெலிகிறது. நையோபியம்-டைட்டானியம் கம்பியை 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், வைத்தால் 1.5, 3 டெஸ்லாவுக்கு வசதியாக இடம் இருக்கிறது, 11.7 டெஸ்லாவுக்குப் போதவே போதாது. அதனால்தான் பிரான்சில் பாரிஸுக்கு அருகே சாக்ளேயில் கட்டிய இசூல்ட் காந்தத்தை 1.8 கெல்வினுக்குக் குளிர்வித்தார்கள்: 132 டன் எடை, 182 கிலோமீட்டர் கம்பி, 7,500 லிட்டர் ஹீலியம், 1,500 ஆம்பியர். 2019 ஜூலையில் முழுப் புலத்தைத் தொட்டது. 2021-ல் பூசணிக்காயைப் படமெடுத்தது. மனித மூளையின் படங்கள் 2024-ல் வெளியாயின. ஒரு சுருளை அவசரப்பட்டு ஏற்ற விரும்பும் இளைஞர்களிடம் நான் காட்டுவது இந்த ஆண்டுகளைத்தான்.

## குவென்ச் முடிந்த பிறகு

காந்தம் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றால் அவசரம் ஒன்று மட்டும்: வெடித்தகடு உடைந்திருந்தால் சில மணி நேரத்துக்குள் புதியது போட வேண்டும். உடைந்த வாய் வழியே காற்று நுழைந்து உள்ளே பனி கட்டுவதற்கு முன் கம்பெனி ஆள் வந்தாக வேண்டும். வரும்வரை சில்லரும் கம்பிரஸரும் ஓடட்டும். அவற்றை அணைத்தால் காந்தம் மேலும் சூடாகும், மறுபடி குளிர்விக்கும் ஹீலியச் செலவு லட்சங்களில் கூடும்.

அவர் உள்ளே வேலை செய்யும் நேரத்தில் நீங்கள் மாடிக்குப் போய்க் குவென்ச் பைப்பின் வாயைப் பாருங்கள். வலையில் புறாக் கூடு இருக்கிறதா, தேன்கூடு இருக்கிறதா, மழைநீர் இறங்கித் தேங்கும் வளைவு இருக்கிறதா, மழைமறைப்பு கழன்றிருக்கிறதா. ஒருமுறை அணில் சேர்த்துவைத்த தேங்காய் நாரை ஒரு வாளி நிறைய எடுத்தேன். அந்தச் சென்டரில் குவென்ச் இன்னும் நடக்கவில்லை என்பது அந்த நோயாளிகளின் நல்ல நேரம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், இந்தப் பார்வையை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.